முதலில் கூவும் சேவல் இரண்டாவதாகக் கூவியது: ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் கொல்லையில் இரண்டு சேவல்கள். மூத்ததற்கு 4 வயது, இளையதற்கு 14 மாதம். விடியலில் மூத்தது கூவி முடித்த பிறகுதான் இளையது வாய் திறக்கும். இது எங்கள் வீட்டுச் சேவல்களின் தனி மரியாதை இல்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் சேவல்களைச் சிறு குழுக்களாக வைத்துக் கவனித்து 2015இல் இதை எழுதியிருக்கிறார்கள். குழுவில் மேல்நிலையில் இருப்பது முதலில் கூவும். மற்றவை நிலை வரிசைப்படி தொடரும். முதலாவதை அகற்றிவிட்டால் அடுத்தது அந்த இடத்துக்கு வரும்.

எங்கள் மூத்ததை யாரும் அகற்றவில்லை. ஆனாலும் ஒருநாள் இளையதுதான் முதலில் கூவியது. மூத்தது சற்றுத் தாமதித்து, பாதியில் அறுந்த குரலில் ஒருமுறை கூவிவிட்டு நிறுத்திக்கொண்டது. நான் படுக்கையில் கிடந்தபடியே சிரித்துக்கொண்டேன். பையன் வளர்ந்துவிட்டான் என்று நினைத்தேன். அந்த நாளை முதல் நாளாக வைத்துக்கொண்டு அடுத்த 60 நாட்களுக்கு நடந்ததை இங்கே எழுதுகிறேன். இதில் நான் செய்த தவறுகள் நிறைய. அவற்றில் ஒன்றை மட்டும் நான் இன்னும் மன்னித்துக்கொள்ளவில்லை. அது மருந்தைப் பற்றியது என்று முதலில் நினைத்தேன். உண்மையில் அது ஒரு கணக்குப் பிழை.

பறவையும் இருப்பிடமும்

மூத்தது கனத்த உடல்வாகுள்ள கலப்பினம். மூன்று மாதங்களுக்கு முன்பு எடை போட்டபோது 3.6 கிலோ. கூடவே 9 பெட்டைகள். எல்லாவற்றுக்கும் ஒரே தீவனம், அதாவது முட்டைக்கோழித் தீவனம். பகலில் திறந்துவிடுவேன், அந்தியில் தாமாகவே அடையும்.

கூண்டு மரப்பலகையால் ஆனது, 8 அடிக்கு 6 அடி. உட்காருவதற்கு இரண்டு கம்புகள், முட்டையிட நான்கு பெட்டிகள். பெட்டிகளில் மூன்று நானே அடித்தவை. நான்காவது, கோழி வளர்ப்பை விட்டுவிட்ட ஒருவரிடமிருந்து வந்தது. வந்ததும் அதை மாட்டவில்லை. 4 மாதம் சாமான் அறையில் வெறுமனே கிடந்தது. பிறகு ஒருநாள் தூசி தட்டி, சுவரோடு சேர்த்துத் திருகினேன். மேல் கம்பின் உட்புற முனை அந்தப் பெட்டியின் பக்கவாட்டுப் பலகையில் முட்டிக்கொண்டு நின்றது. மூத்த சேவல் இரவுதோறும் உட்காரும் இடம் அந்த முனைதான். பெட்டைகள் இடம் மாறி மாறி உட்காரும். சேவல் மாறாது, அது அதன் இடம்.

முதல் ஐந்து நாள்

சேவலுக்கு நோய் வந்தால் நமக்குத் தெரிவது பெரும்பாலும் தாமதமாகத்தான். இரையாகக்கூடிய பிராணி எதுவும் தன் பலவீனத்தை வெளியில் காட்டாது. சேவலுக்கு இன்னொரு காரணமும் உண்டு: காட்டினால் பதவி போய்விடும். பெட்டைக்கு உடம்பு சரியில்லை என்றால் முட்டை நின்று காட்டிக்கொடுக்கும். சேவலிடம் அப்படி எண்ணிப் பார்க்க எதுவும் இல்லை. இருப்பது அதன் பழக்கவழக்கம் மட்டும்: எப்போது கூவுகிறது, எங்கே நிற்கிறது, இரையைக் கண்டால் என்ன செய்கிறது என்பவை.

இரண்டாம் நாள் மாலை பெட்டைகள் கூண்டுக்குள் நுழையத் தயங்கின. வாசலில் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தன, பின்வாங்கின. மூன்று கோழிகள் வேலிக் கட்டையில் ஏறிக்கொண்டன. உள்ளே பாம்பு இருக்கும் என்று நினைத்து ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு வைக்கோலையெல்லாம் கிளறினேன். பாம்பு இல்லை. நல்லதாகப் போயிற்று என்று மூன்றையும் பிடித்து உள்ளே தள்ளிக் கதவை மூடினேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

மூன்றாம் நாள், வெயிலில் பார்த்தபோது மூத்ததன் கொண்டை சற்று வெளிறியிருந்தது. நான்காம் நாள் புழுவைக் கண்டதும் வழக்கம்போல் கொக்கரித்துப் பெட்டைகளைக் கூப்பிட்டது; ஆனால் அவை வருவதற்குள் கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டது. ஐந்தாம் நாள் இளையது அதைத் துரத்தியது. மூத்ததன் கொண்டையில் இரண்டு கொத்துக் காயம். உடனே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது: சண்டையில் தோற்றுவிட்டது, அதனால் சோர்ந்திருக்கிறது. காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிப் படித்தேன். அது சோர்ந்திருந்ததால்தான் தோற்றது.

இன்னொன்றும் நடந்தது. முட்டை எடுத்துவிட்டு வரும்போதெல்லாம் எனக்கு மணிக்கட்டு அரித்தது. வைக்கோல் ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

கையில் எடுத்துப் பார்த்தது

ஆறாம் நாள் விடியலில், கூண்டைத் திறப்பதற்கு முன்பே மூத்ததைக் கையில் எடுத்தேன். அந்த நேரம் முக்கியம். இரவு முழுக்க இரை எடுக்காத பறவையின் தீனிப்பை காலையில் காலியாக இருக்க வேண்டும். அப்போதும் அது நிரம்பிக் கெட்டியாக இருந்தால் அடைப்பு. தொளதொளவென்று நீர் நிரம்பி, வாயில் புளித்த வாடை வந்தால் பூஞ்சைத் தொற்று. இதற்குத் தீனிப்பை சுருங்கித் துணிப்பை போலிருந்தது. அந்த வகையில் குறை இல்லை.

மார்பெலும்பைத் தடவிப் பார்த்தேன். நன்றாக இருக்கும் சேவலுக்கு எலும்பின் இரு பக்கமும் சதை திரண்டு, நடுவில் விளிம்பு மட்டும் விரலுக்குத் தட்டுப்படும். இங்கே எலும்பு கத்திமுனை போல் எழும்பி நின்றது. இறகு மூடியிருப்பதால் மெலிவு கண்ணுக்குத் தெரிவதில்லை, கைக்குத்தான் தெரியும். ஒரு பையில் இறக்கித் தராசில் தொங்கவிட்டேன். 2.9 கிலோ. 700 கிராம் போயிருந்தது. நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கொண்டையை விரலால் அழுத்தி எடுத்தேன். நல்ல பறவையில் வெளுத்த இடத்துக்கு உடனே சிவப்பு ஓடிவரும். இங்கே அழுத்திய இடத்துக்கும் அழுத்தாத இடத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அலகைத் திறந்து பார்த்தேன். வாயின் உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். மெழுகு நிறத்தில் இருந்தது. மூக்கில் சளி இல்லை, கண்ணில் நுரை இல்லை, முகத்தில் வீக்கம் இல்லை, மூச்சில் கரகரப்பும் இல்லை. ஆனால் மூச்சு வேகமாக இருந்தது. ஓய்வில் இருக்கும் பெரிய சேவல் நிமிடத்துக்கு 20 முறைக்கு மேல் மூச்சு விடுவதில்லை. இது குளிர்ந்த காலை நேரத்தில், அலகை மூடியபடியே 34 முறை விட்டது.

எச்சம் பச்சையாக, கொஞ்சமாக இருந்தது. பச்சை எச்சத்தைக் கண்டதும் பலர் ஒரு நோயின் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். இரை எடுக்காத எந்தக் கோழிக்கும் பித்தநீர் மட்டும் இறங்கி எச்சம் பச்சையாகத்தான் வரும். அது பட்டினியின் நிறம். இரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அதைவிட முக்கியம். இல்லை.

கால்கள் இரண்டும் சமமாக ஊன்றின, இறக்கை தொங்கவில்லை. காலும் இறக்கையும் செயலிழப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு செய்தி நினைவுக்கு வரும். இன்று உலகம் முழுக்கக் குஞ்சுகளுக்குத் தடுப்பூசி போடப்படும் மாரெக்ஸ் நோயை, ஹங்கேரியக் கால்நடை மருத்துவர் யோசெஃப் மாரெக் 1907இல் முதன்முதலில் விவரித்தது நான்கு வளர்ந்த சேவல்களில்தான். முட்டைக்கோழியைப் போல் சேவலைக் கணக்குப் பார்த்து யாரும் கவனிப்பதில்லை, அவர் கவனித்தார்.

கடைசியாக இறகுகளைப் பிரித்தேன். இறக்கையின் அடி, ஆசனவாய்ச் சுற்று, கழுத்து. பேனும் இல்லை, இறகின் அடியில் ஈர் முட்டைக் கொத்தும் இல்லை. பகல் வெளிச்சத்தில், வாசலில் உட்கார்ந்து, அரை மணி நேரம் நிதானமாகப் பார்த்தேன். "புற ஒட்டுண்ணி இல்லை" என்று குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

ஒரே நாளில் இரண்டு மாற்றம்

அன்றே இரண்டு காரியம் செய்தேன். சேவலை வீட்டுக்குள் கொண்டுவந்து, ஒரு பெரிய அட்டைப் பெட்டியில் காகிதம் விரித்துத் தனியாக வைத்தேன். வேறு தேவைக்காக வாங்கி மிச்சமிருந்த ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிப் பொடியை அதன் தண்ணீரில் கலந்தேன். முன்னெச்சரிக்கை என்று சொல்லிக்கொண்டு கூண்டிலிருந்த மற்றவற்றின் தண்ணீரிலும் கலந்தேன்.

தனிமைப்படுத்தியது சரி. மருந்து நான்கு வகையில் தவறு. எந்தக் கிருமி என்றே தெரியாமல் கொடுத்தேன். சோர்ந்த பறவை குறைவாகத்தான் குடிக்கும் என்பதால் உள்ளே போன அளவும் தெரியாது. அது தின்றுகொண்டிருந்தது சுண்ணாம்புச் சத்து மிகுந்த முட்டைக்கோழித் தீவனம். டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் அந்தச் சத்தோடு பிணைந்துகொண்டு உடலில் சேராமலே வெளியேறிவிடும். நான்காவது, 9 பெட்டைகளின் முட்டைகளிலும் மருந்தின் எச்சம். அந்த முட்டைகளையெல்லாம் பிறகு குழி தோண்டிப் புதைக்க வேண்டியிருந்தது.

ஆனால் சேவல் தேறியது! தனியாக வைத்த மூன்றாம் நாளே இரை எடுத்தது. ஒரு வாரத்தில் கொண்டையில் சிவப்பு திரும்பியது. பத்தாவது நாள் அட்டைப் பெட்டிக்குள்ளிருந்தே கூவியது, வீடே அதிர்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இருவரிடம் அந்தப் பொடியைப் பரிந்துரையும் செய்தேன்.

நான் சொன்ன கணக்குப் பிழை இதுதான். ஒரே நாளில் ஒன்றைக் கொடுத்தேன், ஒன்றிலிருந்து விலக்கினேன். தேறியபோது கொடுத்ததைத்தான் கணக்கில் வைத்தேன். எதிலிருந்து விலக்கினேன் என்று ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

திரும்பி வந்த வெளிறல்

17ஆம் நாள் சேவலைக் கூண்டில் விட்டேன். தன் பழைய முனைக்கே போய் உட்கார்ந்தது. 24ஆம் நாள் மறுபடியும் கொண்டை வெளுத்தது. மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டோமோ என்று இன்னொரு சுற்றுக்குத் தயாரானேன்.

26ஆம் நாள் காலை, பழைய பெட்டியில் 12 நாளாக அடைகாத்துக்கொண்டிருந்த பெட்டை செத்துக் கிடந்தது. முட்டைகள் அதன் அடியில் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தன.

அதன் பிறகுதான் கால்நடை மருத்துவரிடம் போனேன். இறந்த பறவையை நனையாமல் இரட்டைப் பையில் கட்டி, குளிர்பெட்டியில் வைத்து எடுத்துச் சென்றேன். உறைய வைக்கவில்லை, உறைந்தால் திசுக்கள் சிதைந்து பிரேதப் பரிசோதனைக்கு உதவாது. நோயுற்ற சேவலைத் தனிக் கூடையில் கொண்டுபோனேன்.

மருத்துவர் பெட்டையின் உடலைத் திறந்தார். தசைகள் ஊறவைத்த துணி போல் வெளுத்திருந்தன. இதயத்திலிருந்து வந்த இரத்தம் தண்ணீராக இருந்தது. குடலில் புண் இல்லை, இரத்தக்கழிச்சலுக்கான தடயம் இல்லை, புழுக்கள் பெயருக்கு ஒன்றிரண்டு. சேவலின் இரத்தத்தை மெல்லிய குழாயில் எடுத்துச் சுழற்றிப் பார்த்தார். சிவப்பணுக்களின் பங்கு 17 விழுக்காடு. வளர்ந்த சேவலுக்கு அது 40ஐ ஒட்டி இருக்க வேண்டும்.

நான் என் குறிப்பேட்டைக் காட்டினேன். அடிக்கோட்டைப் பார்த்துவிட்டு அவர் நிமிர்ந்தார்.

"இதைப் பகலில்தானே பார்த்தீர்கள்?"

"ஆமாம் டாக்டர். நல்ல வெளிச்சத்தில்."

"இரவில் கூண்டுக்குள் போயிருக்கிறீர்களா?"

இல்லை என்றேன். என் மணிக்கட்டை ஒருமுறை பார்த்தார். அதுவரை நான் சொரிந்துகொண்டிருந்தது எனக்கே தெரியவில்லை.

இரவு பத்து மணி

அன்றிரவு கைவிளக்கும் ஒரு வெள்ளைத் தாளும் எடுத்துக்கொண்டு கூண்டுக்குள் போனேன். தாளை நான்காக மடித்து, மேல் கம்பின் அடிப்பக்கத்தில், முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்கு அழுத்தித் தேய்த்து வெளியே எடுத்தேன். தாளில் சிவப்புக் கோடுகள். நசுங்கியது அத்தனையும் இரத்தம்.

விளக்கைப் பழைய பெட்டிக்கும் கம்புக்கும் இடையிலிருந்த பொருத்தில் அடித்தேன். உப்பும் மிளகுப்பொடியும் கலந்து அப்பியது போல் ஒரு சாம்பல் படிவு. பகலில் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தூசி என்று கடந்திருக்கிறேன். இப்போது அந்தத் தூசி நகர்ந்தது. கம்பின் மேல்பக்கமாக வரிசை பிடித்துச் சேவலின் காலில் ஏறிக்கொண்டிருந்தது. செதில்களின் இடுக்கில் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றும் கடுகில் பாதிகூட இருக்காது. சேவல் ஒரு காலை மெல்லத் தூக்கி உதறிவிட்டு மறுபடி ஊன்றியது. கண்ணைத் திறக்கவில்லை. இரவெல்லாம் அப்படித்தான் உதறிக்கொண்டிருந்திருக்கும்.

சிவப்புச் சிற்றுண்ணி. கோழி வளர்ப்போர் செல் என்று சொல்லும் கூட்டத்தில் ஒன்று. முழு வளர்ச்சியில் ஒரு மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். பசியில் சாம்பல் நிறம், குடித்த பின் சிவப்பு. பகல் முழுக்கப் பலகை இடுக்கில் கிடந்து, இருட்டியதும் பறவை மேல் ஏறி, ஓரிரு மணி நேரத்துக்குள் குடித்து முடித்து இறங்கிவிடும். பகலில் பறவையின் உடம்பில் இருக்காது. என் அரை மணி நேரப் பரிசோதனையில் எதுவும் அகப்படாதது அதனால்தான். இதன் உறவினமான வடபுலக் கோழிச் சிற்றுண்ணி வேறு மாதிரி; அது வாழ்நாளெல்லாம் பறவை மேலேயே கிடக்கும், ஆசனவாயைச் சுற்றி இறகைக் கறுப்பாக்கிவிடும், பகலிலேயே தெரியும். சேவல்கள் மேல் அது அதிகமாகப் பெருகுவதும் உண்டு.

ஒரு செல் ஒரு வேளைக்குக் குடிப்பது 0.2 மைக்ரோலிட்டர் அளவு. கேட்டால் ஒன்றுமில்லை. 10,000 செல்கள் குடித்தால் 2 மில்லி. மூன்று கிலோ சேவலின் உடலில் மொத்தமே 200 மில்லிக்குச் சற்று மேல்தான் இரத்தம். வெதுவெதுப்பான காலத்தில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்கு ஒரு வாரம் போதும் என்பதால், 10,000 என்பது பெரிய எண்ணிக்கை கிடையாது.

இனி ஒவ்வொன்றாகப் பொருந்தியது. பெட்டைகள் அந்தியில் அடைய மறுத்தது. இரவும் பகலும் பெட்டியை விட்டு நகராத அடைக்கோழி முதலில் செத்தது. இடம் மாறாத சேவல், இடம் மாறும் பெட்டைகளைவிட முன்னதாக வெளுத்தது. கண்டதையெல்லாம் பெட்டைகளுக்குக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டுத் தான் குறைவாகத் தின்னும் சேவலுக்கு இழந்ததை ஈடுகட்டக் கையிருப்பும் குறைவு. அட்டைப் பெட்டியில் தேறியதற்கு விளக்கம் இன்னும் எளிது. கோழியின் சிவப்பணு ஏறத்தாழ ஒரு மாதம்தான் வாழும், நம்முடையதோ 120 நாள். வேகமாகத் தீர்வதால் வேகமாக உருவாக்கவும் கோழியின் உடல் பழகியிருக்கிறது. இரத்தம் குடிப்பது நின்றால் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே எழும்பிவிடும். பொடிக்கு அதில் பங்கில்லை.

பழைய பெட்டியைக் கழற்றித் திருகாணித் துளையில் ஊசியை விட்டு இழுத்தேன். உரித்த சட்டைகளும் உயிரோடிருப்பவையும் திரளாக வந்தன. 4 மாதம் வெறுமனே கிடந்த பெட்டியில் எதுவும் பிழைத்திருக்காது என்றுதான் அதை மாட்டினேன். குளிர்ந்த, ஈரமான இடத்தில் இவை 8 மாதம் வரை குடிக்காமலே உயிரோடு இருக்கும்.

கூண்டைக் கழற்றியது

மருத்துவர் முதலில் கேட்டது, கூண்டை முழுவதும் பிரிக்க முடியுமா என்பது. பறவைக்கு மருந்து தேடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். சேவலின் உடம்பில் பகலில் செல்லே இல்லாதபோது அதன் உடம்பில் மருந்து தூவி என்ன பயன்?

பறவைகளை வேறிடத்தில் கம்பி வலைக்குள் அடைத்தேன். வைக்கோலைக் கட்டி எரித்தேன், பழைய பெட்டியையும் அதோடு சேர்த்தேன். கம்புகளைக் கழற்றினேன். பலகை இடுக்குகளைத் தட்டையான உளியால் சுரண்டி, கொதிநீரை ஊற்றினேன். 45 டிகிரிக்கு மேல் போனால் இவை தாங்குவதில்லை. ஆனால் கொதிநீர் மரத்தில் பட்டதும் ஆறிவிடும் என்பதால் ஒவ்வோர் இடுக்கிலும் இரண்டு மூன்று முறை ஊற்ற வேண்டும். காய்ந்தபின், பறவை இல்லாத கூண்டில் தெளிக்க அனுமதிக்கப்பட்ட மருந்தை மருத்துவர் சொன்ன அளவில் தெளித்தேன். தெளிப்பான் மருந்துகள் முட்டையைக் கொல்வதில்லை. அதனால் 6 நாள் கழித்து மறுபடியும், அடுத்த 6 நாளில் மூன்றாம் முறையும் செய்தேன். முதல் முறையோடு நிறுத்தியிருந்தால் மிஞ்சிய முட்டைகளிலிருந்து ஒரே வாரத்தில் புதிய தலைமுறை வந்திருக்கும்.

இடுக்குகளை மரப்பசை கலந்த மரத்தூளால் அடைத்தேன். கம்புகளைச் சுவரில் முட்டாதபடி தனிக் கால்களில் நிறுத்தி, ஒவ்வொரு காலையும் எண்ணெய் ஊற்றிய கிண்ணத்தில் வைத்தேன். இடுக்குகளில் நுண்ணிய சிலிக்காப் பொடி பூசினேன். அது செல்லின் மேல்தோல் மெழுகை உறிஞ்சி அதை உலர்த்திக் கொல்கிறது. அதே பொடி நம் நுரையீரலுக்கும் கோழியின் நுரையீரலுக்கும் கெடுதல், ஆகவே முகக்கவசம் அணிந்து, பறவைகள் இல்லாத நேரத்தில், மெல்லியதாக. சிலர் அதைக் கூண்டு முழுக்க அள்ளி வீசுவதைப் பார்த்திருக்கிறேன். அது நோயை மாற்றிக்கொள்வதுதான்.

தண்ணீரில் கலந்து கொடுத்தால் பறவையின் இரத்தம் வழியாகவே செல்லைக் கொல்லும் ஃப்ளூரலானர் என்ற மருந்து இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் கோழிகளுக்கு அதை அனுமதித்தது. 7 நாள் இடைவெளியில் இரண்டு முறை, எடைக்கேற்ற அளவில் கொடுப்பது. எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை, மருத்துவர் எழுதித்தான் வாங்க வேண்டும். அதே 2017இல் அதே ஐரோப்பாவில் பல லட்சம் முட்டைகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. காரணம், இதே செல்லை ஒழிக்கக் கோழிப் பண்ணைகளில் ஃபிப்ரோனில் கலந்த கலவையைத் தெளித்ததுதான். நாய், பூனைக்கு உண்ணி மருந்தாகப் பயன்படுவது, முட்டையும் இறைச்சியும் தரும் பறவைக்கு அங்கே தடை செய்யப்பட்டது. நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தில் இரண்டு சொட்டைச் சேவலின் கழுத்தில் விட்டால் என்ன என்று யோசிப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நானும் யோசித்தேன்.

சேவலுக்குச் செய்தது

செய்தது கொஞ்சம். 17 விழுக்காடு என்பது ஆபத்தான எல்லைதான், ஆனாலும் இழப்பு மெல்ல மெல்ல நடந்திருந்ததால் உடல் பழகிக்கொண்டிருந்தது. வேறு பறவையின் இரத்தம் ஏற்ற வேண்டாம் என்றார் மருத்துவர். இரும்புச் சத்தும் பி வைட்டமின்களும் எடைக்கேற்ப. பிடிப்பதையும் துரத்துவதையும் அறவே தவிர்க்கச் சொன்னார். இரத்தம் குறைந்த பறவை பயந்து ஓடினாலே விழுந்து இறந்துபோகும். வெதுவெதுப்பான, அரை இருட்டான இடம். இரை, தண்ணீர் இரண்டும் தலையைத் தாழ்த்தாமல் எட்டும் உயரத்தில்.

தீவனத்தையும் மாற்றினேன். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 4 விழுக்காடு அளவில் இருக்கும். முட்டையிடாத சேவலுக்கு 1 விழுக்காடே போதும். மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றியாக வேண்டும். ஆண்டுக்கணக்கில் அப்படி ஓடினால் சிறுநீரகம் பழுதாகி, மூட்டுகளிலும் உள்ளுறுப்புகளிலும் வெள்ளைப் படிவு சேரும். இப்போது எல்லாவற்றுக்கும் சுண்ணாம்புச் சத்து குறைந்த தீவனம். கிளிஞ்சல் துண்டுகள் ஒரு தனித் தட்டில். பெட்டைகள் தேவைக்குக் கொத்திக்கொள்கின்றன. சேவல் அந்தத் தட்டின் பக்கம் போவதே இல்லை.

40ஆம் நாள் மறுபடியும் இரத்தம் எடுத்துப் பார்த்தோம். 33. எடை 3.2 கிலோ.

இதே சோர்வு வேறு நோயில்

வெளிறிய கொண்டை என்றாலே செல் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது என்பதால் இந்தப் பகுதி. எச்சத்தில் இரத்தம் இருந்தால் இரத்தக்கழிச்சல். அதற்கு மருந்து வேறு, வேகமும் வேறு. முகம் ஒரு பக்கம் வீங்கி, மூக்கில் நாற்றமடிக்கும் சளி வந்தால் கொரைசா என்ற சளி நோய். கண்ணோரம் நுரை, மூச்சில் கரகரப்பு என்றால் பெரும்பாலும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்று. குணமான பறவையும் ஆயுளுக்கும் அதைச் சுமந்து பரப்பும், ஆகவே மந்தையில் புதிய பறவை சேர்ப்பதை அதற்குப் பிறகு யோசித்துத்தான் செய்ய வேண்டும். தாடி மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் நாள்பட்ட கோழிக் காலரா. இதைச் சேவலில் பார்ப்பது எளிது, தாடி பெரியதல்லவா. கொண்டையில் மரு போன்ற பொருக்குகள் என்றால் கோழி அம்மை, கொசுவால் பரவுவது. நொண்டினால் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். கனத்த சேவல் உயரத்திலிருந்து குதித்துக் குதித்து உள்ளங்காலில் கறுப்புப் பொருக்கோடு சீழ்க்கட்டி வந்திருக்கும். அதைப் பிதுக்காதீர்கள், மருத்துவரிடம் விடுங்கள்.

இவையெல்லாம் ஒரு பறவையைக் கூடையில் வைத்து மருத்துவரிடம் எடுத்துப்போகக்கூடிய நோய்கள். சிலவற்றில் பறவையை நகர்த்தவே கூடாது. ஓரிரு நாளில் பல பறவைகள் அடுத்தடுத்துச் செத்தால், கொண்டையும் தாடியும் நீலமாகிப் போனால், தலை வீங்கினால், கால்களில் இரத்தக் கசிவுத் திட்டுகள் தெரிந்தால், கழுத்து முறுக்கிக்கொண்டு வானம் பார்த்தால், அது பறவைக் காய்ச்சலாகவோ வெள்ளைக்கழிச்சலாகவோ இருக்கலாம். இரண்டும் பெரும்பாலான நாடுகளில் அரசுக்கு அறிவித்தாக வேண்டிய நோய்கள். செத்ததைத் தொடாமல், எதையும் வெளியே அனுப்பாமல், தொலைபேசியில் கூப்பிட வேண்டும்.

மீண்டும் கூண்டில்

44ஆம் நாளிலிருந்து மூத்ததைக் கூண்டின் ஒரு மூலையில் கம்பி வலைத் தடுப்புக்குப் பின்னால் வைத்தேன். இரண்டு சேவல்களும் ஒன்றையொன்று பார்க்கலாம், கொத்த முடியாது. முதல் நாள் இளையது வலையில் முட்டி முட்டி நின்றது. நான்கைந்து நாளில் சலித்துப்போய் முதுகைக் காட்டியது. 56ஆம் நாள் தடுப்பை எடுத்தேன். ஒரே ஒரு மோதல், அரை நிமிடம். மூத்தது தலையைத் தாழ்த்திக்கொண்டு ஒதுங்கியது. இரத்தம் வரவில்லை.

இப்போது நெளிவுள்ள அட்டைத் துண்டுகளைச் சுருட்டிக் கம்பின் அடியில் கட்டிவைத்திருக்கிறேன். பகலில் ஒளிய இடம் தேடும் செல்கள் அந்த நெளிவுக்குள் புகுந்துகொள்ளும். வாரம் ஒருமுறை அவிழ்த்து, வெள்ளைத் தட்டில் தட்டி எண்ணிவிட்டு எரித்துவிடுகிறேன். முதல் வாரம் 60க்கு மேல் இருந்தது. பிறகு 11, 4, 0, 0. போன வாரம் 1. சாமான் அறையில் எது வந்து இறங்கினாலும் முதலில் வெந்நீர், பிறகுதான் உள்ளே. கூண்டு வேலைக்குப் போட்ட உடையும் நேராக 60 டிகிரித் தண்ணீருக்குப் போகிறது. மணிக்கட்டு அரிப்பதில்லை.

மூத்தது 3.5 கிலோவுக்கு வந்துவிட்டது. கொண்டை நிறைந்து சிவந்திருக்கிறது. கூவுகிறது, இரண்டாவதாக. மேல் கம்பின் உட்புற முனையில் இன்று உட்காருவது இளையது. அதுவும் இடம் மாறுவதில்லை. அட்டைச் சுருளில் ஒன்றை அதன் காலடியிலேயே கட்டியிருக்கிறேன்.